வெளிச்சத்தாருக்குச் சொல்லாத இடம்

தருவைக்கரை உப்பளத்தில் ஒரு சித்திரை மாதத்து உச்சிவெயிலில், பிரகாசி கஞ்சி குடிப்பதற்காகத் தூக்குவாளியின் மூடியில் கை வைத்தபோது, "கொஞ்சம் பொறுங்க, திறந்துராதீங்க" என்று வெளிச்சம் சொன்னது. சத்தம் காதில் விழவில்லை, கன்னத்தில் விழுந்தது, இளஞ்சூடாக, யாரோ பக்கத்தில் குனிந்து மூச்சு விடுவதுபோல. காலையிலிருந்து உப்பு வாரி இடுப்பு ஒடிந்து கிடந்த நேரத்தில் கடவுளே வந்து பொறு என்றாலும் பிரகாசி பொறுக்கிற ஆள் இல்லை என்பதால், "எதுக்குப் பொறுக்கணும்? கஞ்சியும் பருப்புத் துவையலுந்தான் இருக்கு, பாத்துட்டுப் போங்க" என்று எரிந்து விழுந்தாள். அந்த ஊர் வெயில் அல்லவா, அந்த ஊர்ப் பேச்சிலேயே பதில் வந்தது. "கஞ்சியத்தான் தெனமும் பாக்கோமே. மூடியிருக்கையில உள்ள எப்பிடி இருக்கும்? அதத்தான் பாத்ததில்ல."

பக்கத்தில் உட்கார்ந்து மோர்மிளகாயைக் கடித்துக்கொண்டிருந்த வேலுக்கனியின் கன்னத்திலும் அது விழுந்தது. அவள் பிரகாசியின் பக்கத்து வீட்டுக்காரி, ஒரே உப்புப் பாத்தியில் எதிரெதிரே நின்று உப்பு வாருகிற பலகை இழுக்கிறவள், அதிகம் பேசாதவள் என்று ஊரில் பெயரெடுத்தவள். "கேக்காவல்லா, சொல்லேன்" என்றாள். பிரகாசி கண்ணை இறுக மூடிக்கொண்டு, தூக்குவாளிக்குள் தானே உட்கார்ந்திருப்பதாக நினைத்துச் சொன்னாள்: உள்ளே கும்மிருட்டு, கஞ்சிக்கு மேலே கொஞ்சம் காற்று நிற்கிறது, அதுவும் இருட்டு, மூடியின் அடிப்பக்கம் வேர்த்து வேர்த்துச் சொட்டுகிறது, சொட்டுவது யாருக்கும் தெரியாது, துவையல் ஓர் ஓரமாகச் சாய்ந்து படுத்திருக்கிறது, தன்னை யார் தின்னப்போகிறார்கள் என்ற கவலை அதற்கு இல்லை. வெளிச்சம் மூடியின் விளிம்பை ஒருமுறை சுற்றி வந்தது. பிறகு, "ரொம்ப நல்லாருக்கு, நாங்க போய்ப் பாக்கோம்" என்றது. மறுநாள் பிரகாசி கொண்டுவந்த தூக்குவாளியின் மூடி இடுக்கில் வெளிச்சம் கசிந்தது. உள்ளே ஒரு சின்னப் பகல் குடியேறியிருந்தது, கஞ்சி மட்டும் வழக்கம்போல இருந்தது.

இப்படித்தான் வெளிச்சத்தார் தருவைக்கரைக்குப் பழக்கமானார்கள். வீட்டார், ஊரார், சம்பந்தத்தார் என்கிற கணக்கில் வெளிச்சத்தார் என்று ஊர் அவர்களுக்குப் பெயர் வைத்தது. முதலில் பேசியது பிரகாசியோடு என்பதால் பெயர்ப்பொருத்தம் பார்த்துத்தான் வந்திருக்கிறார்கள் என்று கேலியும் பேசியது. அவர்கள் எத்தனை பேர் என்று யாருக்கும் தெரியாது, அவர்களுக்கே தெரியாது, ஆனால் அத்தனை பேருக்கும் ஒரே ஒரு குறைதான் இருந்தது. "நாங்க போற எடமெல்லாம் இருட்டு எந்திரிச்சுப் போயிருது," என்றார்கள். "உள்ள நுழைஞ்சா இப்பத்தான் இங்கன உக்காந்திருந்தாவங்கிற மாதிரி இருக்கும், ஆளக் காணாது. உலகம் உண்டான நாள்லருந்து அலையுதோம், ஒருக்காகூட மொகத்தப் பாத்ததில்ல." கேட்டவர்களுக்கு மனசு இளகிவிட்டது. தருவைக்கரை ஆட்கள் எதற்கு வேண்டுமானாலும் சண்டை போடுவார்கள், ஆனால் வாசலில் வந்து நின்று ஒன்றைக் கேட்டவருக்கு இல்லை என்று சொன்ன பழக்கம் அந்த ஊரில் கிடையாது. அடுப்பில் கொதிக்கிற உலையைக் கேட்டாலும் பிடிதுணியோடு சேர்த்துக் கொடுத்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார்கள்.

அதனால் வெளிச்சத்துக்கு இருட்டைச் சொல்லுவது ஊரில் ஒரு வித்தையாகவே வளர்ந்தது. வெயில்முறை என்றார்கள். உச்சிப்பொழுதில், நிழல் காலடிக்குள் ஒடுங்கிய பிறகு, நல்ல தண்ணீரில் முகம் கழுவி, தலைத்துண்டை அவிழ்த்துவிட்டு, வெட்டவெளியில் நிற்க வேண்டும். கண்ணை இறுக மூட வேண்டும். வந்தவர்களை வெறித்துப் பார்ப்பது மரியாதை இல்லை, தவிர, இருட்டைச் சொல்லுகிறவர் இருட்டில் நின்றுதான் சொல்ல வேண்டும். வெளியே நின்று எட்டிப் பார்த்ததைப்போலச் சொல்லக் கூடாது, உள்ளே குடியிருந்ததைப்போலச் சொல்ல வேண்டும். பொய் சொல்லக் கூடாது என்று மட்டும் யாரும் விதி வைக்கவில்லை, அப்படி ஒன்று யாருக்கும் தோன்றவில்லை. சிலருக்கு அது சட்டென்று கைவந்தது, சிலருக்கு வரவே இல்லை. அளத்துக் கங்காணி சுயம்பு அண்ணாச்சி முதல்முறை நின்றபோது சொல்ல ஒன்றும் தோன்றாமல் தன் வாய்க்குள் இருக்கும் இருட்டைச் சொல்லிவிட்டார்; அன்றிலிருந்து அவர் வாயை மூடினால் இரண்டு கன்னமும் உள்ளிருந்து சிவப்பாக எரிந்தன, அண்ணாச்சிக்கு அதில் பெருமைதான், அந்தப் பெருமையை எல்லோரும் பார்க்க வேண்டும் என்று வாயை மூடியே வைத்திருந்ததால் அளத்தில் அத்தனை பேருக்கும் நிம்மதி.

வெளிச்சத்தாரும் வாங்கிக்கொண்டு சும்மா போகிறவர்கள் இல்லை. பாத்தியில் உப்பு முன்பைவிடச் சீக்கிரம் பூத்தது. வெயில் உறைக்கிற நேரத்தில் அவர்கள் பெண்களின் தலையைத் தொடாமல் சுற்றிக்கொண்டு போனார்கள். திறந்து கிடக்கும் எதுவும் அவர்கள் பார்வைக்குத் தப்பாது என்பதால், காணாமல் போன ஆடு எந்த உடைமரத்தடியில் நிற்கிறது, பஸ் எந்தத் திருப்பத்தில் வருகிறது, கோபித்துக்கொண்டு போன மாமியார் யார் வீட்டு வாசலில் உட்கார்ந்து என்ன தின்றுகொண்டிருக்கிறாள் என்பதெல்லாம் கேட்ட உடனே கன்னத்தில் வந்து விழுந்தது. ஊர் பதிலுக்குத் தன்னிடம் இருந்த இருட்டையெல்லாம் எடுத்து எடுத்துக் கொடுத்தது. அரிசிப் பானை, அஞ்சறைப் பெட்டி, கிணற்றின் அடி, சட்டைப் பை, செருப்பின் முன்பக்கம், கோயில் உண்டியல், மாதாகோயில் மணியின் வயிறு எல்லாம் போயிற்று. ஒருத்தி தேங்காய்க்குள் இருக்கும் இருட்டை உருகி உருகிச் சொல்லிவிட்டுப் போக, மறுநாள் தென்னைகளில் காய்கள் குலைகுலையாக எரிந்தன. கரண்டு ஆபீசிலிருந்து ஒருவர் வந்து அண்ணாந்து பார்த்துவிட்டு, இதற்கு மீட்டர் எங்கே என்று கேட்டார், காபி கொடுத்து அனுப்பிவைத்தார்கள். பூசாரியும் பங்குச் சாமியாரும் தங்கள் பக்கத்தில் ஆட்சேபம் ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

குறை என்று பார்த்தால் சின்னச் சின்னதாகத்தான் வந்தது. பானைக்குள் பகல் புகுந்த பிறகு இட்லி மாவு புளிக்கவில்லை; எத்தனை வேளை வைத்தாலும் அரைத்த மாவாகவே முழித்துக்கொண்டு கிடந்தது. மூட்டம் போட்ட வாழைக்காய் பழுக்கவில்லை. யாரோ மண்ணுக்கடியில் இருக்கும் இருட்டைச் சொல்லிவிட, கொல்லையில் ஊன்றிய அவரை விதைகள் முளைவிடாமல் போட்டது போட்டபடி கிடந்தன. மாவை வெளியூரில் வாங்கிக்கொண்டார்கள், வாழைக்காயை வறுவலாகவே தின்று தீர்த்தார்கள், அவரைக்காய் சந்தையில் கிடைக்காமலா போகும் என்றார்கள். விருந்தாளி வந்த வீட்டில் நாலு சாமான் இடம் மாறத்தானே செய்யும் என்று ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக்கொண்டார்கள். பிறகு பிரகாசி முட்டைக்குள் இருக்கும் இருட்டைச் சொன்னாள். அவள் சொன்னதிலேயே அதுதான் அழகு என்று வெளிச்சத்தார் பல நாள் கொண்டாடினார்கள். அவள் வீட்டு அடைக்கோழி மட்டும், எரிகிற முட்டைகளின்மேல் உட்கார்ந்து உட்கார்ந்து பார்த்து, ஒன்றும் பொரியாமல், ஒரு நாள் எழுந்து போய்விட்டது.

அந்தக் கோழி எழுந்து போனதைச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று வேலுக்கனி பார்த்தாள். பார்த்தவள் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, அடிவயிற்றில் இரண்டு கையையும் வைத்தபடி தரையில் உட்கார்ந்துவிட்டாள். கல்யாணமாகி எத்தனையோ வருஷம் கழித்து, உண்டான ஒன்றும் தங்காமல் போய், இனி நமக்கு இல்லை என்று மனசைத் தேற்றி முடித்த பிறகு, அவள் மறுபடியும் உண்டாகியிருந்தாள். லாரியில் உப்பு மூட்டை ஏற்றுகிற அவள் புருஷன் கொம்பையாவுக்கு மட்டும்தான் அது தெரியும். சந்தோஷம் வந்தால் அவருக்கு வாய் நிற்காது என்பதால், நாள் தள்ளிப்போய் வயிறு தெரிகிறவரை மூச்சு விடக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தாள்.

"கோழி எந்திரிச்சுப் போயிருச்சுங்க," என்றாள் அவர் வேலை முடிந்து வந்ததும். "உள்ள வெளிச்சம் வந்துட்டா ஒண்ணும் உருவாகாதாட்டு இருக்கு."

"நம்ம வீட்டுல ஏது கோழி?" என்று கேட்ட கொம்பையா அவள் கை எங்கே இருக்கிறது என்று பார்த்தார்.

கை எங்கே இருக்கிறது என்று கொம்பையா மட்டும் பார்க்கவில்லை. அளத்து வரப்பில் நடக்கும்போது அவள் அறியாமலே கை வயிற்றுக்குப் போவதை வெளிச்சத்தாரும் கவனித்துக்கொண்டுதான் இருந்தார்கள், ஊரில் சொல்லுவதற்கு வேறு இருட்டும் அநேகமாகத் தீர்ந்துபோயிருந்தது. ஒரு மத்தியானம் பாத்தி நடுவில் அது அவள் கன்னத்தில் வந்து விழுந்தது. "கைக்கடியில என்ன இருக்கு?" சேலை என்றாள். "சேலைக்கடியில?" வயிறு என்றாள். "வயித்துக்குள்ள?" வேலுக்கனி பலகையை வேகமாக இழுத்தாள், எதிரே நின்ற பிரகாசியின் பலகை நின்றுவிட்டது, இப்படித்தான் விஷயம் ஊருக்குத் தெரிந்தது.

வெளிச்சத்தார் கோபப்படவில்லை, மிரட்டவில்லை, அவர்களுக்கு அதெல்லாம் தெரியாது. அவள் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள், அவ்வளவுதான். ஒருவர் இருவர் அல்ல, அத்தனை பேரும். அவள் தெருவில் கண் கூசும்படி வெயில் அடித்துக்கொண்டிருக்க, அளத்தில் மட்டும் மப்புப் போட்டதுபோல மந்தமாகக் கிடந்தது. பாத்தியில் கட்டிய தண்ணீர் தண்ணீராகவே நின்றது, உப்பு பூக்கவில்லை. மழைக்காலம் வருவதற்குள் வாரி எடுத்தால்தான் அந்த ஊரில் அடுப்பு எரியும். "வேலயப் போய்ப் பாருங்களேன்" என்று சுயம்பு அண்ணாச்சி தயவாகக் கேட்டுப் பார்த்தார். "பாக்கத்தான் நிக்கோம், அந்தப் பிள்ள சொன்னதும் போயிருதோம்" என்று அவர் கன்னத்தில் பதில் விழுந்தது.

யாரும் வேலுக்கனியைக் கட்டாயப்படுத்தவில்லை. ஒவ்வொருவராக வந்தார்கள், ஒருத்தி மாங்காய் கொண்டுவந்தாள், ஒருத்தி நெல்லிக்காய் கொண்டுவந்தாள், உட்கார்ந்து உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரித்தார்கள், போகிறபோது வாசற்படியில் நின்று, "ஒம் இஷ்டந்தான்ட்டி, நாங்க ஒண்ணுஞ் சொல்லல" என்றார்கள். திட்டியிருந்தால்கூட வேலுக்கனி தாங்கியிருப்பாள், இதைத் தாங்க முடியவில்லை. கடைசியாகப் பிரகாசி வந்தாள், மாங்காய் எதுவும் இல்லாமல்.

"ஒரு வார்த்த சொல்லிரேன்," என்றாள். "போய்ப் பாத்துட்டு அவிய பாட்டுக்கு வந்துருவாவ."

"கோழி என்னாச்சுன்னு நீ பாத்தேல்லா?"

பிரகாசி தலையைக் குனிந்துகொண்டாள். அவளுக்கு மூன்று பிள்ளைகள், மூன்றையும் இருட்டுக்குள் வைத்துத்தான் பெற்றாள், அதை அவள் யோசித்தது அப்போதுதான். "சொல்லிராத," என்றாள் திடீரென்று, வேலுக்கனியின் கையைப் பிடித்துக்கொண்டு. "அளம் எக்கேடும் கெட்டுப் போட்டும், நான் வந்து கேட்டதே தப்பு, நீ சொல்லிராதட்டி." இரண்டு பேரும் சேர்ந்து அழுதார்கள், வாசலில் நின்றவர்கள் ஒன்றும் புரியாமல் கதவிடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

மறுநாள் உச்சிப்பொழுதில் வேலுக்கனி நல்ல தண்ணீரில் முகம் கழுவிக்கொண்டு தானாகவே அளத்துக்குப் போனாள். வெளிச்சத்தார் திமுதிமுவென்று கூடவே போனார்கள். தலைத்துண்டை அவிழ்த்தாள், கண்ணை மூடினாள். வாழ்நாளில் யாரிடமும் அதிகம் பேசாதவள், தெளிவாக எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்: "என் வயித்துக்குள்ள இருட்டே இல்ல. உங்க ஆளு ஒருத்தரு ஏற்கனவே வந்து இருக்காரு."

வெளிச்சத்தார் அப்படியே நின்றுவிட்டார்கள். "எங்க ஆளா? யாரு?"

"பேரு சொல்லல. ரொம்பக் களைச்சு வந்தாரு. வந்ததுலருந்து தூங்குதாரு."

"நாங்க தூங்குற வழக்கம் இல்லியே."

"இங்கன வந்துதான் படிச்சுக்கிட்டாரு," என்றாள் வேலுக்கனி.

அளம் முழுக்க ஒரு நடுக்கம் ஓடியது. ஒருவர் குடியிருக்கிற இடத்துக்கு இன்னொருவர் போவதில்லை என்பது அவர்கள் வழக்கம், அதனால் உள்ளே போகிற பேச்சு அதோடு போயிற்று. ஆனால் தங்களில் ஒருவர் தூங்குகிறார் என்ற செய்தி அவர்களை என்னவோ செய்துவிட்டது. அன்றிலிருந்து வேலுக்கனி நடந்தால் அவர்கள் மெல்ல நடந்தார்கள், உட்கார்ந்தால் தள்ளி உட்கார்ந்தார்கள், முழிச்சிருவாரு முழிச்சிருவாரு என்று ஒருவரையொருவர் அடக்கிக்கொண்டார்கள். உப்பு பூத்தது. வாரியது போதாமல் இன்னும் இன்னும் பூத்தது.

ஊர் இதையும் ஏற்றுக்கொண்டது. ஏற்றுக்கொண்டதும் அதன் முதல் கவலை இது என்ன முறையில் வரும் என்பதாக இருந்தது. கொம்பையாவின் பிள்ளை என்றால் கொம்பையாவின் ஆட்கள், சரி. வெளிச்சத்தாரின் ஆளும் அதில் இருக்கிறார் என்றால் அவர்கள் யார் பக்கம்? அப்பன் பக்கம் இல்லை என்றால் அம்மா பக்கம்தான். அப்படியானால் வேலுக்கனிக்கு அவர்கள் அண்ணன்மார், பிள்ளைக்குத் தாய்மாமன்மார் என்று டீக்கடையில் வைத்துத் தீர்ப்பாயிற்று. வேலுக்கனிக்குத் தாய்வீடு கிடையாது. சின்ன வயதில் ஒரு புயலில் வீட்டோடு எல்லோரும் போய்விட, சித்தி வீட்டில் சோற்றுக்கு வளர்ந்தவள்; அவள் கல்யாணத்தில் மாலை எடுத்துக் கொடுக்க அவள் பக்கத்தில் அண்ணன் தம்பி என்று ஓர் ஆள் இல்லை. வெளிச்சத்தாரிடம் போய் முறையைச் சொன்னதும், அவர்களுக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. அன்றிலிருந்து அவளைத் தங்கச்சி என்று கூப்பிட ஆரம்பித்தார்கள்.

ஏழாம் மாதம் வளைகாப்பு வைத்தபோது, தாய்வீட்டுச் சீர் வருகிற நேரத்தில், பந்தல் கீற்றின் இடுக்குகள் வழியாக அவர்கள் வந்தார்கள். அவள் இரண்டு கையிலும் வட்ட வட்டமாக விழுந்து வளையல் வளையலாக நின்றார்கள். கை அசைந்தால் கூடவே அசைந்தார்கள், சத்தம் மட்டும் இல்லை. "எங்க தங்கச்சி கை வெறுங்கையா இருக்கலாமா?" என்று கன்னத்தில் விழுந்தது. வேலுக்கனி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். தாய்வீட்டை நினைத்து அழுகிறாள் என்று பெண்கள் தேற்றினார்கள், அவள் அதற்கு மட்டும் அழவில்லை.

வயிற்றில் பிள்ளை வளர வளர அளத்தில் சொன்ன பொய்யும் வளர்ந்தது. பிறந்ததும் எங்கள் ஆள் எங்கே என்று கேட்பார்களே, பிள்ளையையே அவர் என்று சொல்லித் தூக்கிக்கொண்டு போய்விட்டால் என்ன செய்வது? சாப்பிடும்போது, குளிக்கும்போது, பலகை இழுக்கும்போது அவளுக்கு அதே யோசனைதான். கொம்பையாவிடம் சொன்னாள். "பொறக்குறதுக்கு முன்னாலயே எங்கயோ கெளம்பிப் போயிட்டாருன்னு சொல்லிருவோம்," என்றார் அவர். "சொல்லாம கொள்ளாம போற ஆளு எல்லா வீட்டுலயும் ஒருத்தர் இருக்கத்தான் செய்வாரு."

"அவிய அவரத் தேடி அலைவாவளேங்க," என்றாள் வேலுக்கனி. "இருட்டத் தேடி அலைஞ்சது பத்தாதா?"

வெயில் ஏறுகிற ஒரு காலை வேளையில் ஊர் ஆஸ்பத்திரியில் பெண் பிள்ளை பிறந்தது. நர்சு ரோசம்மா ஜன்னலையெல்லாம் சாத்தி, துணி போட்டு மறைத்துவைத்திருந்தாள். அது அந்த ஊர் வழக்கம். அளத்து வெயில் பச்சைக் கண்ணுக்கு ஆகாது என்று பிறந்த பிள்ளையை ஒரு மாதம்வரை வெளிச்சத்தில் காட்ட மாட்டார்கள், அதற்குள் அது அம்மாவின் முகத்தைப் பார்த்துப் பார்த்துக் கண்ணைச் சுருக்கப் படித்திருக்கும். ஜன்னலுக்கு வெளியே வெளிச்சத்தார் தாய்மாமன்மாருக்கு உரிய பொறுமையோடு நின்றார்கள். வராந்தாவில் பிரகாசி, சுயம்பு அண்ணாச்சி, கொம்பையா, பாதி ஊர். ஜன்னல் பலகையின் இடுக்கில் ஒரே ஒரு கீற்று மட்டும் மெல்ல உள்ளே வந்து, கட்டில் காலைத் தொட்டு, மேலே வராமல் அங்கேயே நின்றுகொண்டது.

அந்தக் கீற்றைப் பார்த்ததும் வேலுக்கனிக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. சாத்தின ஜன்னலை ஒரு மாதம் சாத்தியே வைக்கலாம், ஊர் வழக்கம் என்று சொன்னால் அவர்களும் நிற்பார்கள், அதற்குள் கொம்பையா சொன்னதைப்போல ஏதாவது சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அவளுக்கென்று இந்த உலகத்தில் வந்து நின்ற தாய்வீடு அது ஒன்றுதான், அதை வெளியே நிறுத்திவைத்துக்கொண்டு பிள்ளைக்குப் பால் கொடுக்க அவளால் முடியவில்லை.

"ஜன்னலத் தொறந்து விடுங்கக்கா," என்றாள்.

"பச்சப் பிள்ளம்மா."

"வந்து நிக்காவல்லா. தொறங்க."

ரோசம்மா திறந்தாள். வெளிச்சத்தார் அறை நிறைய வந்தார்கள். "நல்லாருக்கியா தங்கச்சி? எங்க ஆளு எங்க?"

வேலுக்கனி கண்ணை மூடவில்லை. முறைப்படி மூட வேண்டும், ஆனால் அந்த முறை இருட்டைச் சொல்லுவதற்கு, உண்மையைச் சொல்லுவதற்கு அல்ல. அளத்தில் வளர்ந்த கண் என்பதால் கீற்றாகத்தான் திறந்தது, அதற்குள்ளும் தண்ணீர் நிறைந்து நின்றது. "உங்க ஆளு யாரும் இல்லண்ணே," என்றாள். "நான் சொன்னது பொய்யி. உள்ள இருட்டுதான் இருந்துச்சு. நீங்க உள்ள போனா அது எந்திரிச்சுப் போயிரும், அதோட எம்பிள்ளையும் போயிரும்னு பயந்து சொல்லிட்டேன். எனக்குன்னு வந்தது நீங்க மட்டுந்தான், உங்களையே ஏமாத்திட்டேன். என்ன செய்யணுமோ என்னையச் செய்ங்க. பிள்ளைய ஒண்ணுஞ் செஞ்சிராதீங்க."

வராந்தாவில் சுயம்பு அண்ணாச்சியின் வாய் திறந்தது, கன்னம் அணைந்தது. அப்போதுதான் பிள்ளை கண்ணைத் திறந்தது.

அதற்குக் கண்ணைச் சுருக்க யாரும் இன்னும் சொல்லித்தரவில்லை. முழுசாகத் திறந்தது, அறை நிறைய நின்றவர்களை நேராகப் பார்த்தது. கண்ணைச் சுருக்கி வேலை செய்கிறவர்களையும், கண்ணை மூடிப் பேசுகிறவர்களையும் மட்டுமே பார்த்துப் பழகிய வெளிச்சத்தார் குனிந்தார்கள். வெள்ளை நடுவில், வட்டமாக, கருப்பாக, ஒன்று இருந்தது. ஒருவர் மெல்ல அதற்குள் போனார், பின்னால் இன்னொருவர் போனார், பிறகு வழக்கத்தை மறந்து அத்தனை பேரும் போனார்கள்.

"போகல," என்று வேலுக்கனியின் கன்னத்தில் விழுந்தது. "தங்கச்சி, நாங்க வந்துட்டோம், அது எந்திரிச்சுப் போகல. அங்கனயே உக்காந்து எங்களப் பாக்குது."

பொய்யைப் பற்றி அவர்கள் ஒரு வார்த்தை பேசவில்லை. அன்று சாயங்காலத்துக்குள் ஊரிலுள்ள பானையிலிருந்தும் கிணற்றிலிருந்தும் மணியின் வயிற்றிலிருந்தும் தாங்களாகவே கிளம்பினார்கள். இருட்டின் முகத்தைப் பார்த்த பிறகுதான், ஓர் இடத்தில் உட்காரவிடாமல் அதை இத்தனை நாளும் நாமே விரட்டியிருக்கிறோம் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். மாவு அன்றைக்கே புளித்து, பானையைத் தாண்டி வழிந்து, வீட்டுக்கு வீடு இட்லி அவித்து மாளவில்லை. தென்னைகள் அணைந்தன. கண்ணாடி முன்னால் நின்று கன்னத்தை உப்பி உப்பிப் பார்த்த சுயம்பு அண்ணாச்சி கொஞ்ச நாள் துக்கத்தில் இருந்துவிட்டு, பழையபடி வாயைத் திறந்து எல்லோரையும் ஏச ஆரம்பித்தார். வெளிச்சத்தார் யாருடனும் பேசுவதை விட்டுவிட்டார்கள். பிரகாசி மட்டும் சில மத்தியானங்களில் தூக்குவாளியில் கை வைத்தபடி கொஞ்ச நேரம் பார்ப்பாள், ஒன்றும் வராது, திறந்து குடித்துவிட்டு எழுந்துகொள்வாள்.

மாதங்கள் போய், பிள்ளை தலை நின்ற பிறகு, வேலுக்கனி அதை அளத்துக்குத் தூக்கிவந்தாள். மத்தியானம் வேலை ஓய்ந்த நேரத்தில் வேப்பமரத்தடியில் மடியில் போட்டுத் தட்டிக்கொடுத்தாள். இலைகளுக்கிடையே வெயில் விழாமல் பிள்ளையின் கண்ணுக்கு மேலே தன் உள்ளங்கையைக் குடையாகப் பிடித்திருந்தாள். அப்போது கன்னத்தில், வெகுநாள் கழித்து, இளஞ்சூடாக விழுந்தது. "தங்கச்சி, கைய கொஞ்சம் எடேன். பாத்துட்டுப் போயிருதோம்."

வந்து நின்று கேட்டவருக்கு இல்லை என்று சொன்ன பழக்கம் அந்த ஊரில் கிடையாது. வேலுக்கனி கையை எடுக்கவில்லை.

"இப்பத்தாண்ணே தூங்குதா," என்றாள். "முழிச்ச பொறவு வாங்க."

சரி என்று வெளிச்சத்தார் பாத்திக்குப் போய் உப்பு வேலையைப் பார்த்தார்கள்.